தாக்குரியா என்று எழுதியிருந்த படம்: பழைய ரயில், ஆலைப் புகைப்படங்களின் இடம் காணுதல்

கரியாஹாட் நடைபாதையில் பழைய புத்தகங்களைக் குவித்து வைத்திருப்பவர்களிடம் சில நேரம் புகைப்படங்களும் கிடைக்கும். யார் வீட்டு ஆல்பத்திலிருந்தோ உதிர்ந்து, வீடு கைமாறியபோது காகிதக் கட்டோடு எடைக்குப் போய், கடைசியில் அங்கே வந்து சேர்ந்தவை. அப்படி வாங்கிய ஒன்று என் மேசைமேல் நெடுநாள் கிடந்தது. அகன்ற நீர்ப்பரப்பு. அதற்கப்பால் தாழ்வான கரை. கரைமேல் கரி எஞ்சின் ஒன்று ஐந்து பெட்டிகளை இழுத்துக்கொண்டு போகிறது. இடது ஓரத்தில் ஒரு தொங்குபாலத்தின் கம்பிகள். பின்பக்கம் மங்கிய மையில், ஆங்கிலத்தில், ஒரே சொல்: தாக்குரியா. ஆண்டு இல்லை, எடுத்தவர் பெயர் இல்லை.

நான் குடியிருப்பது லேக் கார்டன்ஸ். தாக்குரியா ரயில் நிலையம் கூப்பிடு தூரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை படத்தைப் பையில் போட்டுக்கொண்டு அங்கே போய்த் தண்டவாளத்தின் இரு பக்கமும் அலைந்தேன். அவ்வளவு தண்ணீர் தேங்கி நின்றிருக்கக்கூடிய இடம் எதுவும் தென்படவில்லை. அலுத்துத் திரும்பி வந்து லேக் கார்டன்ஸ் நடைமேடையில் நின்றபடி பட்ஜ்பட்ஜ் லோக்கல் போவதைப் பார்த்தபோதுதான் மண்டையில் உறைத்தது. 1958 முதல் ரவீந்திர சரோவர் என்று வழங்கும் எங்கள் ஏரிக்கு அதற்கு முன் இருந்த பெயரே தாக்குரியா ஏரிதான். படத்தின் பின்னால் எழுதியவர் ரயிலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஏரியின் பெயரைச் சொல்லியிருக்கிறார். ரயில் பைத்தியம் பிடித்த நான் அதை நிலையத்தின் பெயராக வாசித்திருக்கிறேன்.

பிறகு எல்லாம் மளமளவென்று கூடி வந்தது. சியால்டாவிலிருந்து தெற்கே வரும் பாதை பாலிகஞ்சில் பிரிகிறது. ஒரு கிளை தாக்குரியா, ஜாதவ்பூர் வழியாகத் தெற்கே போகும். இன்னொன்று மேற்கே வளைந்து, ஏரியின் தென்கரையை ஒட்டி, லேக் கார்டன்ஸ், டாலிகஞ்ச், மாஜேர்ஹாட் என்று பட்ஜ்பட்ஜ் வரை போகும். அந்தக் கிளை திறந்தது 1890இல். ஏரி அதற்குப் பின் வந்தது. கல்கத்தா இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் 1920களில் வெட்டியது. தொங்குபாலம் 1926இல் கட்டியது. தண்டவாளத்துக்கு மேலே மின்கம்பி இல்லை. இந்தப் பகுதிக்கு மின்ரயில் 1960களின் நடுவில் வந்தது. ஆக, படம் 1926க்கும் 1960களின் நடுப்பகுதிக்கும் இடையில் எடுத்தது. வடகரையில் நின்று தெற்கே பார்த்து எடுத்திருக்கிறார்கள். வண்டி விவரம் தெரியாமல் கருநிழலாக விழுந்திருப்பதற்கும் அதுவே காரணம். கல்கத்தாவில் ஆண்டின் பெரும்பகுதி சூரியன் தென்வானில்தான் இருக்கும், எடுத்தவர் வெளிச்சத்துக்கு எதிரே நின்றிருக்கிறார்.

இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. பழைய ரயில், ஆலைப் படங்களின் இடத்தைக் கண்டுபிடிப்பது பற்றி ஆவணக்காப்பகத்தார், ரயில் ஆர்வலர், வரலாற்றாசிரியர், இப்போது கணினிக்காரர் என்று பலரும் பல முறைகள் சொல்கிறார்கள். அந்த முறைகளின் பலமும் ஓட்டையும் இந்த ஒரு சின்னப் படத்திலேயே வந்துவிடுகின்றன. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படம் எடுத்தவர் எதைக் காட்ட விரும்பினாரோ அதை நம்பி இடம் சொல்லக் கூடாது. அவர் கவனிக்காமலேயே சட்டத்துக்குள் வந்து விழுந்த பொருள்தான் நல்ல சாட்சி.

இதற்கு உலகறிந்த உதாரணம் ரயிலுக்கு வெளியே இருக்கிறது. 1855இல் கிரிமியப் போர்க்களத்தில் ராஜர் ஃபென்டன் எடுத்த இரண்டு படங்கள்: ஒரே பள்ளத்தாக்கு, ஒரே கோணம். ஒன்றில் பாதையின்மேல் பீரங்கிக் குண்டுகள் சிதறிக் கிடக்கின்றன, மற்றதில் பாதை வெறுமையாக இருக்கிறது. எது முந்தியது, குண்டுகளை அவரே பரப்பினாரா என்ற சர்ச்சை நெடுங்காலம் நடந்தது. ஆவணப்பட இயக்குநர் எரல் மாரிஸ் கிரிமியாவுக்கே போய் அந்த இடத்தைத் தேடினார். 2007இல் அதைத் தொடராக எழுதினார். வெயிலையும் நிழலையும் வைத்து வல்லுநர்கள் ஆளுக்கொரு முடிவு சொன்னார்கள். கடைசியில் வழக்கைத் தீர்த்தவை சரிவில் கிடந்த சில பொடிக் கற்கள். குண்டு இருக்கும் படத்தில் அவை கொஞ்சம் கீழே உருண்டிருந்தன. கற்கள் மேலே உருளாது என்பதால் வெறும் பாதைதான் முதலில். அந்தக் கற்களை ஃபென்டன் பார்த்திருக்கவே மாட்டார்.

தலைப்புகளை எடுத்துக்கொள்வோம். படத்தின் கீழோ பின்னாலோ எழுதியிருப்பதைத்தான் எல்லோரும் முதலில் பிடித்துக்கொள்கிறோம், நான் பிடித்துக்கொண்டதைப் போல. அது முழுப் பொய்யாக இருப்பது அபூர்வம். எழுதியவர் எந்த அளவில் யோசித்தார் என்பதுதான் சிக்கல். லண்டன் ஏலக்காரர் எழுதிய ‘மெட்ராஸ்’ மாகாணம் முழுவதையும் குறிக்கலாம். கஞ்சத்திலிருந்து திருநெல்வேலி வரை எங்கேயும் அந்த ரயில் நின்றிருக்கலாம். 1912க்கு முந்திய ‘பெங்கால்’ என்றால் பீகாரும் ஒரிசாவும் அதில் அடக்கம். ‘கல்கத்தா சணல் ஆலை’ என்று எழுதிய படங்களில் பல, நகரிலிருந்து ஹூக்ளி ஆற்றோடு வெகுதூரம் மேலே போனால்தான் வரும் ஊர்களில் எடுத்தவை.

ஸ்டூடியோக்களின் வழக்கம் இன்னொரு தொல்லை. கல்கத்தாவில் 1860களில் வேர்விட்ட பார்ன் அண்ட் ஷெப்பர்ட் நிறுவனம், சாமுவேல் பார்ன் 1870இல் இந்தியாவை விட்டுப் போன பிறகும் அவருடைய கண்ணாடி நெகட்டிவ்களிலிருந்து பல பத்தாண்டுகள் பிரதி போட்டு விற்றது. தாளின் வயது ஒன்று, படத்தின் வயது வேறு. 1991 தீவிபத்தில் அந்த ஸ்டூடியோவின் சேகரிப்பில் பெரும்பகுதி எரிந்துபோனது, 2016இல் கடையும் மூடப்பட்டது. மூல நெகட்டிவோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வாய்ப்பு அதோடு குறைந்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து அஞ்சலட்டைகள் பல ஜெர்மனியில் அச்சாகி வந்தன. வண்ணம் தீட்டியவர் இந்தியாவைக் கண்ணால் கண்டிருக்கத் தேவையில்லை. அந்த அட்டைகளில் செங்கல் சிவப்பையோ பெட்டியின் பச்சையையோ வைத்து வாதாடுபவரிடம் நான் பேச்சுக் கொடுப்பதில்லை.

நல்ல தலைப்பும் உண்டு. 1944இல் அமெரிக்க விமானப்படையின் புகைப்படப் பணியாளராகக் கல்கத்தாவில் இருந்த கிளென் ஹென்ஸ்லியின் படங்கள் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்நூலகத்தில் இருக்கின்றன. படத்தோடு சேர்த்து அவருடைய குறிப்பும் இருக்கிறது: என்ன பார்த்தோம், ஏன் எடுத்தோம் என்று. ஊருக்குப் புதியவர் என்பதால் உள்ளூர்க்காரர் எழுதத் தோன்றாததையெல்லாம் எழுதினார். அந்நியக் கண்ணால் நமக்குக் கிடைத்த லாபம் இது.

ரயில் சான்றுகளுக்கு வருகிறேன். இந்தத் துறையின் வளமே இங்கேதான். முதலில் பார்க்க வேண்டியது பாதையின் அகலம். அகலப்பாதை 1676 மில்லிமீட்டர், மீட்டர் பாதை 1000, குறும்பாதை 762 அல்லது 610. படத்தில் தண்டவாளத்தை அளக்க முடியாதே என்றால், பெட்டியின் முகத்தைப் பாருங்கள். அகலப்பாதை வண்டிக்கு இரண்டு ஓரத்திலும் பஃபர் துருத்திக்கொண்டிருக்கும், நடுவில் கொக்கி தொங்கும். நம் மீட்டர் பாதை வண்டிக்கு நடுவில் ஒரே ஒரு பஃபர்தான், கொக்கியும் அதோடு சேர்ந்தது. மூக்கு ஒன்றா, மீசை இரண்டா என்று பார்த்தால் போதும். மங்கிய படத்திலும் இது தெரியும்.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் தனுஷ்கோடிக்குப் போக வேண்டும். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பின் மெட்ராசிலிருந்து போட் மெயில் தனுஷ்கோடித் துறைக்குப் போகும். அங்கே கப்பல் ஏறி ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கடந்தால் தலைமன்னார்த் துறை. அங்கிருந்து கொழும்புக்கு ரயில். இரண்டு துறைகளின் படங்களும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்: மணல், மரத்தூண் நிறுத்திய துறைமேடை, மேடைமேல் பெட்டிகள், பக்கத்தில் கப்பல். கப்பலின் பெயர் தெரிந்தாலும் பயனில்லை. இர்வினும் கோஷனும் இரண்டு கரைக்கும் போய் வந்த கப்பல்கள். சுமைதூக்குவோர் இரு பக்கமும் தமிழர். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்ததால் நேரில் போய் ஒப்பிடவும் வழியில்லை. ஆனால் தனுஷ்கோடிக்குப் போனது மீட்டர் பாதை. இலங்கை அரசு ரயில்வேயின் மன்னார்ப் பாதை அகலப்பாதை. ஓரத்தில் இரண்டு பஃபர் தெரிந்தால் அது தலைமன்னார், நடுவில் ஒன்று தெரிந்தால் தனுஷ்கோடி. தனுஷ்கோடியின் கடைசி நாட்கள் என்ற பெயரில் சுற்றும் படங்களை ஒருமுறை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். சிலவற்றுக்குக் கடல் கடந்த முகவரி எழுத வேண்டியிருக்கும்.

கல்கத்தாவிலும் இதே கருவி வேலை செய்யும். இந்த நகருக்கு மீட்டர் பாதைப் பயணிகள் ரயில் வந்ததில்லை. ஈஸ்டர்ன் பெங்கால் ரயில்வேயின் மீட்டர் பாதைகள் கங்கைக்கு வடக்கே இருந்தன. நடுப்பஃபர் வண்டிக்குக் கீழே ‘சியால்டா’ என்று எழுதியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடலாம். குறும்பாதையாக இருந்தால் போட்டி சுருங்கும். மார்ட்டின் கம்பெனியின் ஹௌரா–ஆம்தா ரயில் 610 மில்லிமீட்டர், 1897இல் தொடங்கி 1971இல் மூடியது. மக்லியாட் கம்பெனியின் காளிகாட்–ஃபல்தா ரயில் 762, 1917 முதல் 1957 வரை ஓடியது. பாராசாத்–பசீர்ஹாட் பாதையும் 762. காளிகாட்–ஃபல்தா பாதையின் தடம் இன்றும் இருக்கிறது, ரயிலாக அல்ல. பேஹாலாவில் டயமண்ட் ஹார்பர் சாலைக்கு இணையாக ஓடும் ஜேம்ஸ் லாங் சாலைதான் அது. பஸ்ஸில் போகும்போது அந்தச் சாலை ரயில் வளைவதைப் போல நிதானமாக வளையும். தெரிந்தவர்களுக்கு அதுவே ஒரு வரைபடம்.

அகலம் என்ற சான்றும் காலத்துக்குக் கட்டுப்பட்டது என்பதை மறந்தால் ஆபத்து. நாகப்பட்டினம்–திருச்சி பாதை 1861–62இல் அகலப்பாதையாகப் பிறந்தது, 1875இல் மீட்டர் பாதையானது, நம் காலத்தில் மறுபடி அகலமானது. ‘நாகப்பட்டினத்தில் அகலப்பாதையா, இருக்க முடியாது’ என்று ஒரு பழைய படத்தைத் தள்ளுபவர் 1875க்கு முந்திய பொக்கிஷத்தைத் தள்ளிவிடக்கூடும். 1992இல் தொடங்கிய ஒரே அகலத் திட்டத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் மீட்டர் பாதை நீலகிரியைத் தவிர அநேகமாக மறைந்துவிட்டது. எழும்பூரிலிருந்து தெற்கே போன வண்டிகளுக்கு நடுவில் ஒரே பஃபர் இருந்ததை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் புரியவைக்க வேண்டும்.

எஞ்சினைக் கண்டதும் குதிப்பவர்கள் உண்டு. எஞ்சின் வகை காலத்தைச் சொல்லும், இடத்தைச் சொல்லாது. கூர்மூக்கு டபிள்யூபி எஞ்சின் என்றால் படம் 1947க்குப் பின். டபிள்யூஜி என்றால் 1950க்குப் பின்; சித்தரஞ்சன் தொழிற்சாலையின் முதல் எஞ்சினே அந்த வகைதான். அது சியால்டாவிலும் ஓடியது, அரக்கோணத்திலும் ஓடியது. வண்டிமேல் எழுதிய கம்பெனி முதலெழுத்துகள் இன்னும் வழுக்கல். எங்கள் பட்ஜ்பட்ஜ் பாதையை வைத்தே சொல்கிறேன். 1942 தொடக்கம் வரை ஈஸ்டர்ன் பெங்கால், பிறகு பெங்கால் அண்ட் அஸ்ஸாம், 1947 பிரிவினைக்குப் பின் ஈஸ்ட் இந்தியன், 1952 ஏப்ரலில் கிழக்கு ரயில்வே: பத்தே ஆண்டுகளில் நான்கு பெயர். பயணிகள் பெட்டியில் இவற்றில் ஒன்று தெரிந்தால் காலம் கையில் கிடைத்த மாதிரி. கூட்ஸ் வேகனில் தெரிந்தால் மதிக்காதீர்கள். வேகன் என்பது ஊர்சுற்றி. அதன் முதுகில் எழுதியிருப்பது சொந்த ஊர், நிற்பது வேறு ஊர்.

பெயர்ப்பலகை தெரியும் படத்துக்கு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். திருச்சிக்கு வடக்கே இருக்கும் சிமென்ட் ஆலை ஊரைப் பாருங்கள். நிலையப் பலகையில் டால்மியாபுரம் என்று இருந்ததை எதிர்த்து 1953 ஜூலை 15 அன்று மு. கருணாநிதி தலைமையில் தி.மு.க.வினர் அதன்மேல் கல்லக்குடி என்ற தாளை ஒட்டித் தண்டவாளத்தில் படுத்தார்கள். பின்னாளில் பெயர் அதிகாரபூர்வமாகவே மாறியது. ஒரே நடைமேடைக்கு இரண்டு பெயர். இரண்டு ஊர் என்று நினைத்துத் தனித்தனி உறையில் போடக்கூடியவர்கள் இருக்கிறார்கள். 1950களின் தமிழ்நாட்டுப் படங்களில் பலகையில் இந்தி வரி மட்டும் தாரால் மறைந்திருந்தால் அதைப் பூஞ்சை என்று எண்ணிக் கணினியில் துடைத்துவிடக் கூடாது. அந்தத் தாருக்குத் தேதி உண்டு. திராவிடர் கழகம் 1952இல் தொடங்கிய கிளர்ச்சி அது.

ஆலைப் படங்களுக்கு இவ்வளவு வசதி இல்லை. புகைபோக்கி எல்லா ஊரிலும் புகைபோக்கிதான். ஆனால் கூரை பேசும். நூல், சணல் ஆலைகளின் கூரை ரம்பப்பல் வடிவில் இருக்கும்: ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் செங்குத்தான கண்ணாடி. நேர்வெயில் உள்ளே விழாமல் சீரான வெளிச்சம் வர வேண்டும் என்பதற்காக அந்தக் கண்ணாடியை நம் நாட்டில் வடக்கே பார்த்து வைப்பார்கள். ஆகவே ரம்பப்பல் கூரை என்பது கட்டடமே சுமக்கும் திசைகாட்டி. ஹூக்ளி ஆறு கல்கத்தாவுக்கு மேலே பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்காக ஓடுகிறது, இரு கரையிலும் சணல் ஆலைகள். ஆற்றிலிருந்து எடுத்த படத்தில் கண்ணாடிப் பக்கம் வலப்புறம் இருந்தால் நீங்கள் மேற்கே பார்க்கிறீர்கள். அது ரிஷ்ரா இருக்கும் ஹௌரா–ஹூக்ளிக் கரை. இடப்புறம் இருந்தால் கிழக்குக் கரை: டிட்டாகர், நைஹாட்டி. ஒரே பார்வையில் பாதி ஆலைகள் கழிந்துவிடும். ஆறு கார்டன் ரீச்சில் மேற்கே திரும்பி, பிறகு பட்ஜ்பட்ஜ் நோக்கி வளைந்து போகும் இடத்தில் மட்டும் இந்தக் கணக்கு உதவாது. அங்கே வரைபடத்தோடுதான் உட்கார வேண்டும்.

ஆலையின் உட்புறப் படங்கள் எனக்கு என்றுமே தலைவலி. ஹூக்ளி ஆலைகளின் எந்திரங்கள் ஸ்காட்லாந்தின் டண்டீயிலிருந்து வந்தவை, மேற்பார்வையாளர்களும் அங்கிருந்து வந்தவர்கள். டிட்டாகர், சாம்நகர் ஆலைகளை நடத்திய தாமஸ் டஃப் கம்பெனியின் ஆவணங்கள் இன்று டண்டீ பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. தறியும் தூணும் பட்டை ஓட்டமும் இரண்டு ஊரிலும் ஒன்றே. ஆள் இல்லாத கூடத்தின் படம் டண்டீயா டிட்டாகரா என்று நான் சொல்ல மாட்டேன். ஆள் இருந்தால் உடை சொல்லிவிடும். தமிழ்நாட்டிலும் இதன் தம்பி ஒன்று உண்டு: ‘தென்னிந்திய ரயில்வே பணிமனை’ என்று மட்டும் எழுதிய படம். பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து திருச்சி பொன்மலைக்கு 1920களின் பிற்பாதியில் இடம் மாறியது. எந்திரங்களும் ஆட்களும் கூடவே போனார்கள். கட்டடத்தின் இரும்புச் சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும், கடைசல் எந்திரத்தைப் பார்த்தால் ஏமாறுவீர்கள்.

கூரையையும் திசையையும் நம்பும் எவருக்கும் ஒரு பகைவன் உண்டு: இடம் வலம் மாற்றி அச்சிட்ட நெகட்டிவ். கண்ணாடித் தகட்டை மாற்றி வைத்து அச்சிட்டால் கிழக்குக் கரை மேற்குக் கரையாகிவிடும். எழுத்து தெரிந்தால் உடனே பிடிபடும். எழுத்து இல்லாவிட்டால்? இரட்டைப் பாதையில் நம் ரயில்கள் இடப்பக்கம் ஓடும். எதிரே வரும் வண்டி நமக்கு வலப்பக்கத்துத் தண்டவாளத்தில் தெரிய வேண்டும். இடப்பக்கம் வந்தால் சந்தேகப்படுங்கள். பெண்களின் முந்தானை பெரும்பாலும் இடத்தோளில். நடைமேடையில் மேல்சட்டை இல்லாமல் நிற்கும் ஐயருடைய பூணூலும் இடத்தோளில் இருந்து இறங்க வேண்டும். அவர் தர்ப்பணம் செய்துகொண்டிருந்தாலொழிய. ரயில் நூல்கள் எதிலும் இந்தக் கடைசிச் சான்றைக் காண முடியாது, ஆனால் எனக்கு ஒருமுறை கைகொடுத்தது.

வெயில், நிழல் முறைக்கு ஆங்கிலக் கையேடுகளில் பெரிய மரியாதை. நண்பகலில் சூரியன் தெற்கே, நிழல் வடக்கே என்று அவை தொடங்கும். இங்கிலாந்துக்கு அது சரி. கல்கத்தா கடகரேகைக்குச் சற்றே தெற்கில், 22.5 பாகையில் இருப்பதால் ஜூனை ஒட்டிய சில வாரங்கள் தவிர இங்கேயும் சரி. சென்னை 13 பாகையில் இருக்கிறது. அங்கே ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை உச்சிச் சூரியன் வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்குக் கையேடு தலைகீழ். மெட்ராஸ் படத்துக்கு நிழலை வைத்துத் திசை சொல்பவரிடம் முதலில் மாதம் என்ன என்று கேளுங்கள். மாதம் தெரியாவிட்டால் அந்த வாதத்தை அப்படியே ஒதுக்கிவிடலாம்.

வரைபடங்கள் பற்றி நீட்டத் தேவையில்லை. சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய தாள்கள், அமெரிக்க ராணுவத்துக்காக வரைந்து இப்போது டெக்சஸ் பல்கலைக்கழக நூலகம் பொதுவில் வைத்திருக்கும் தாள்கள், 1960 முதல் 1972 வரை பறந்து 1995இல் ரகசியம் நீங்கிய கொரோனா உளவுச் செயற்கைக்கோள் படங்கள்: மூன்றும் நல்ல துணை. இவற்றைப் பயன்படுத்துவதில் ஒரு ஒழுங்கு வேண்டும். படத்திலிருந்து முதலில் ஒரு கூற்றை எழுதிவிட வேண்டும்: ‘பாதை இங்கே இடப்பக்கம் வளைய வேண்டும், அப்பால் நீர் இருக்க வேண்டும்’ என்று. பிறகு தாளைத் திறக்க வேண்டும். தாளைத் திறந்து வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தால் எந்த வளைவும் பொருந்தும்.

கணினி? 2008இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஹேஸும் அலெக்சி எஃப்ராஸும் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட இடக்குறியிட்ட படங்களை வைத்து, ஒரு படத்தைப் பார்த்ததும் உலகில் எங்கே என்று ஊகிக்கும் நிரலைச் செய்தார்கள். 2016இல் கூகுள் இன்னும் பெரிதாகச் செய்தது. இன்றைய தெருக்களில் அவை மனிதரை மிஞ்சலாம். அவை கற்றது நம் காலத்துச் சுற்றுலாப் படங்களிலிருந்து. இடித்துவிட்ட ஆலைக்கும் பிடுங்கிவிட்ட பாதைக்கும் இடக்குறி போட்ட படம் யாரிடமும் இல்லை. அதைவிட எனக்கு உறுத்துவது வேறு: விடை சொல்லும், ஏன் என்று சொல்லாது. பஃபரைக் காட்டி வாதாடும் மனிதரை நான் மறுக்க முடியும். இதை எப்படி மறுப்பது?

காரணம் கேளாமல் நம்புவது கணினிக்கு மட்டும் உரிய குணம் என்றும் சொல்ல முடியாது. கூரையெல்லாம் ஆட்கள் அப்பிய ரயில் படங்கள் ‘இந்திய ரயில்வேயின் அவலம்’ என்று அடிக்கடி கைப்பேசிக்கு வருகின்றன. அவற்றில் பல வங்கதேசத்தில் டோங்கியில் நடக்கும் இஜ்தெமா என்ற முஸ்லிம் சமயக் கூட்டத்துக்குப் போய்வரும் வண்டிகளின் படங்கள். எத்தனை முறை மறுத்தாலும் மறுபடி வரும்.

மிச்சம் இருப்பது மனித நினைவு. லேக் கார்டன்ஸுக்குத் தெற்கே பிரின்ஸ் அன்வர் ஷா சாலை. 1806 வேலூர்க் கலகத்துக்குப் பின் வேலூர்க் கோட்டையிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்த திப்பு குடும்பத்தின் வழிவந்தவர் பெயர் அது. எங்கள் பேட்டைக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள உறவில் மூத்தது. அந்தச் சாலையில் மின்விசிறியும் தையல் எந்திரமும் செய்த உஷா தொழிற்சாலை, ஜே என்ஜினியரிங் வொர்க்ஸ், இருந்தது. இன்று அங்கே சவுத் சிட்டி அடுக்குமாடிகள். வணிக வளாகம் 2008இல் திறந்தது. அந்தத் தொழிற்சாலை வாசலின் பழைய படம் ஒன்றை எதிரே வைத்தால் எந்த நிரலும் தோற்கும். அங்கே ஷிப்டுக்குப் போனவர், கேட்டுக்கு எதிரே டீக்கடை எந்தப் பக்கம் என்று கேட்ட மாத்திரத்தில் கை நீட்டிச் சொல்வார். கேங்மேன், கேபின்மேன், ஓய்வுபெற்ற கார்டு எல்லோரும் இப்படித்தான். ஆனால் நினைவு ஆண்டில் தவறும். இடத்தை அவர்களிடமும் காலத்தைப் பொருளிடமும் கேட்க வேண்டும் என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்.

சினிமாவுக்குள்ளும் இதே கதைதான். சத்யஜித் ராய் ஒரு காலத்தில் ஏரிக்கு வடக்கே லேக் அவென்யூவிலும் பிறகு லேக் டெம்பிள் ரோடிலும் குடியிருந்தார். ‘பதேர் பாஞ்சாலி’யில் நாணல் பூத்த வயலில் அக்காவும் தம்பியும் முதன்முதலாகப் பார்க்கும் ரயிலை அவர் எடுத்தது பர்த்வான் பக்கம் பால்சித்தில், அதற்கு ஒரு வண்டி போதாமல் வெவ்வேறு வண்டிகளை எடுத்துச் சேர்த்தார். அந்தக் காட்சியிலிருந்து எடுத்த ஒரு சட்டத்தைப் பார்த்து ‘எந்த வண்டி’ என்று கேட்பவருக்கு ஒரே விடை கிடையாது. படத்தொகுப்பு மேசையிலும் ஒரு ஊர் பிறக்கும்.

இத்தனை முறைகளையும் தட்டிப் பார்த்தபின் என் தீர்ப்பு இது. எந்த முறையும் தனியாக நின்று இடத்தை நிறுவாது. பஃபரும் கூரையும் ‘இங்கே இல்லை’ என்று சொல்வதில் கெட்டி, ‘இங்கேதான்’ என்று சொல்வதில் அவ்வளவாக இல்லை. தலைப்பு வழி காட்டும், வாக்குமூலம் ஆகாது. ஒன்றையொன்று சாராத இரண்டு சான்றுகள் ஒரே இடத்தைக் காட்டினால் எழுதலாம். ஒன்றுதான் இருந்தால் கேள்விக்குறி போட்டு எழுத வேண்டும். நம் பத்திரிகைகளிலும் அருங்காட்சியகங்களிலும் அந்தக் கேள்விக்குறியைக் காண்பது அரிது.

ஏரிக்கு வடக்கே லேக் டெரஸ் 10ஆம் எண்ணில் வரலாற்றாசிரியர் ஜாதுநாத் சர்க்காரின் வீடு. சமூக அறிவியல் ஆய்வு மையம் தொடங்கிய இடமும் அதுவே. இன்று அங்கே ஜாதுநாத் பவன் அருங்காட்சியகமும் ஆய்வு நிலையமும் இருக்கின்றன. வங்காளத்தின் பழைய படங்களையும் அச்சுகளையும் சேர்த்துப் பாதுகாப்பது அந்த மையத்தின் வேலைகளில் ஒன்று. நம் ஊர்களில் அப்படி எத்தனை வாசல் இருக்கின்றன என்று கேட்டால் நான் மௌனமாகிவிடுவேன். பெரம்பூர் ரயில் அருங்காட்சியகத்தில் எஞ்சின்கள் நிற்கின்றன. பொன்மலையிலும் பெரம்பூரிலும் வேலை பார்த்த குடும்பங்களின் ஆல்பங்கள் பரணில் கிடக்கின்றன.

என் படத்தின் பின்னால் ‘தாக்குரியா’ என்ற மையை அழிக்கவில்லை. அதற்குக் கீழே பென்சிலால், ‘ஏரியின் வடகரையிலிருந்து தெற்கு நோக்கி, பட்ஜ்பட்ஜ் கிளை, 1926–1965?’ என்று எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் தாத்தா எஞ்சின் பக்கத்தில் நிற்கும் படமோ, அப்பா ஆலை வாசலில் நிற்கும் படமோ இருந்தால், அதைப் பற்றிச் சொல்லத் தெரிந்தவர் இருக்கும்போதே எடுத்து அவர் முன் வையுங்கள். சொல்வதைப் பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம். தடம் முகத்தில் விழும், மையும் ஊறும்.